பொலிஸ் அதிபர் பவுல் குறூனிங்கர்

ஜுபிலி மலருக்குப் பெரியார் சரிதம் எழுதப் புகுவோர் ஆறுமுக நாவலர் அவர்களையோ, சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களையோ நாடிச் செல்வது எம்மிடையே நெடுநாள் வழக்கு. அவ்வழக்கிலே குறை காணுதல் எம் நோக்கமன்று. ஆயினும் இம்முறை யாம் எடுத்துக்கொண்டது வேற்று நாட்டவர் ஒருவரின் சரிதம். அவர் புலவருமல்லர், சமய குரவருமல்லர், படை நடத்தி வெற்றி கொண்டவருமல்லர். மேசை முன் அமர்ந்து கோப்புகளைப் பார்வையிட்டுக் கையொப்பமிட்ட ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். அவர் செய்த குற்றம் யாதெனின், திகதியை மாற்றி எழுதியது.

அரசாங்க சேவைக்கு ஆண்டுதோறும் இளைஞரை அனுப்பிவைத்த கல்லூரிகளுள் எமது கல்லூரியும் ஒன்று. இலிகிதராயும், கணக்காளராயும், பொலிஸ் உத்தியோகத்தராயும், காரியாதிகாரியாயும் இருந்து இளைப்பாறிய பழைய மாணவர் பலர் இம்மலரைக் கையிலெடுப்பர். அரசாங்கக் கோப்பிலே உண்மையல்லாத திகதி ஒன்றை இடுதல் எத்தகைய குற்றம் என்பதை அவர்களுக்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதனாலேயே இச்சரிதத்தை அவர்கள் முன் வைக்க விரும்பினோம்.

சுவிற்சர்லாந்தின் வடகிழக்கு மூலையிலே சென்ற் காலன் என்னும் நகரம் உளது. அதே பெயர் கொண்ட மாகாணத்துக்கு அதுவே தலைநகர். அந்நாட்டு மாகாணங்கள் தமக்கென அரசாங்கமும் பொலிஸ் படையும் உடையன என்பதை வாசகர் மனத்திலிருத்துதல் நன்று. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஏட்டுப் பிரதிகளைக் காத்துவரும் மடாலய நூல்நிலையத்தாலும், பூவேலை செய்த துணிகளாலும் அந்நகர் உலகெங்கும் பெயர் பெற்றது. ஆங்கே 1891ஆம் ஆண்டு ஒக்ரோபர் 27ஆம் நாள் பவுல் குறூனிங்கர் பிறந்தார். பெற்றோர் சுருட்டுக் கடை வைத்து வாழ்ந்தவர்கள். சுருட்டுக் கடையின் வருவாயிற் பிள்ளையைப் படிப்பித்து உத்தியோகம் பார்க்க வைத்த குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலும் பல இருந்தமையால், இச்செய்தி எமக்கு ஒருவகை அணுக்கத்தைத் தருகின்றது.

கொன்ஸ்தான்ஸ் ஏரிக் கரையிலுள்ள றோர்ஷாக் என்னும் ஊரின் ஆசிரிய பயிற்சிக் கலாசாலையிலே அவர் பயின்றார். இளமையில் அவருக்கு உதைபந்தாட்டத்திற் பெரு விருப்பு. சென்ற் காலன் நகரின் புறூல் கழகத்துக்காக ஆடினார். 1915இல் அக்கழகம் சுவிற்சர்லாந்தின் வெற்றிக் கேடயத்தை வென்றபொழுது அணியில் அவரும் ஒருவர். பின்னர் அக்கழகத்தின் தலைவராகவும் இருந்தார். முதலாம் உலக யுத்த காலத்திற் படையிலே லெப்டினன்டாகச் சேவை புரிந்தார். றைன் நதிப் பள்ளத்தாக்கிலே ஒரு சிற்றூரிற் பள்ளி ஆசிரியராயினார். அவ்வூரின் பெயர் ஔ. எம் உயிரெழுத்துக்களில் ஒன்றே ஓர் ஊருக்கு முழுப் பெயராய் அமைந்திருத்தல் காண எமக்கு வியப்பாயிருந்தது. 1919இல் ஆசிரியத் தொழிலை விடுத்து மாகாணப் பொலிஸ் படையில் லெப்டினன்டாகச் சேர்ந்தார். மறு ஆண்டு அலிஸ் பெடரர் என்னும் பெண்மணியை மணந்தார். 1925இல் கப்டன் பதவி பெற்று மாகாணப் பொலிஸ் படை முழுவதற்கும் அதிபரானார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்து மூன்று. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் ஒழுங்கான உத்தியோக வாழ்வு. அவ்வாழ்விலே எழுதுதற்குரிய விசேடம் யாதுமில்லை. நல்ல உத்தியோகத்தரின் வாழ்வு பெரும்பாலும் அத்தகையதே.

இனி அவருடைய ஆணைக்குட்பட்ட எல்லையைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். சென்ற் காலன் மாகாணத்துக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடையே றைன் நதி ஓடுகின்றது. அந்நதி வளைந்து வளைந்து ஓடி வெள்ளப் பெருக்கால் ஊர்களை அழித்து வந்தமையின், அதனை நேராக்கும் பொருட்டு டீப்போல்ட்சவ் என்னும் கிராமத்தருகே புதிய ஆற்றுக்கால் ஒன்றை வெட்டி 1923இல் நீரை அதன் வழியே திருப்பினர். நதி இடம் மாறிற்று, எல்லை மாறவில்லை. பழைய றைன் என்று பெயர் பெற்ற வளைவே இரு நாட்டுக்கும் எல்லையாய் நின்றது. பெருநீர் புதிய வழியாற் போய்விட்டமையாற் பழைய ஆற்றில் நீர் குறைந்தது. சில இடங்களில் நடந்தே கடக்கலாம். அக்கரையில் ஹோகெனெம்ஸ் என்னும் ஒஸ்திரிய ஊர், இக்கரையில் டீப்போல்ட்சவ். வெள்ளத்துக்கு அஞ்சிய பொறியியலாளர் செய்த இவ்வேலை, பதினைந்து ஆண்டுகளின் பின் உயிருக்கு அஞ்சி ஓடிவந்தோருக்கு வழியாகுமென்று எவர்தாம் எண்ணியிருப்பர்!

1938ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் ஜேர்மன் படை ஒஸ்திரியாவுட் புகுந்தது. வியன்னா நகரத்து யூதர் அடுத்த சில வாரங்களில் அடைந்த துன்பம் முன்னொருகாலும் அவர்கள் காணாதது. பேராசிரியரையும் வைத்தியரையும் முதியோரையும் தெருவில் முழந்தாளிட வைத்து நிலத்தைத் தேய்த்துக் கழுவச் செய்தனர், கடைகளைப் பறித்தனர், வேலைகளினின்றும் நீக்கினர், பலரை டாகௌ சிறைமுகாமுக்கு அனுப்பினர். உடைமையைக் கொடுத்துவிட்டு நாட்டைவிட்டுப் போய்விடு என்பதே ஆட்சியாளரின் கொள்கையாயிருந்தது. போவதற்கோ இடமில்லை. அவ்வாண்டு யூலை மாதத்தில் பிரான்சு நாட்டின் எவியன் என்னும் ஊரிலே 32 நாடுகளின் பிரதிநிதிகள் அகதிகளைப் பற்றிப் பேசக் கூடினர். ஒவ்வொரு நாடும் தன் இரக்கத்தைத் தெரிவித்தது. ஓரிரு நாடுகள் ஒழிய மற்றையன கதவைத் திறக்கவில்லை.

ஒஸ்திரியக் கடவுச்சீட்டு உடையோர் விசா பெற்றே வரவேண்டுமென்று சுவிஸ் அரசாங்கம் 1938 வசந்த காலத்திலேயே விதித்துவிட்டது. அதனால் வழி அடைபட்டோர் இரவிற் பழைய றைனைக் கடக்கத் தொடங்கினர். யூலை, ஆகஸ்டு மாதங்களில் அவர்கள் தொகை பெருகிற்று. உடுத்த உடையோடு, நனைந்த காலோடு, குழந்தைகளைச் சுமந்து வந்து டீப்போல்ட்சவ் கிராமத்தில் நின்றோரை யாது செய்வது என்ற வினா மாகாணப் பொலிஸ் அதிபரின் மேசைக்கு வந்தது. பூவேலைத் தொழில் முதலாம் யுத்தத்தின் பின் நலிந்துபோனமையால் அக்கிராமத்தில் வெறுமையாய்க் கிடந்த தொழிற்சாலை ஒன்றை முகாமாக்கி, அவர்களை அங்கே தங்க வைத்தனர். செலவு அரசாங்கத்தினுடையதன்று, அந்நாட்டில் அன்று ஏறத்தாழ 18,000 பேராய் இருந்த யூத மக்களே தம் பணத்தால் அகதிகளைத் தாங்கவேண்டியிருந்தது. சென்ற் காலனில் அவ்வுதவிச் சபையை நடத்தியவர் சிட்னி டிறைபுஸ் என்பவர். அவருடைய மகளார் றூத் டிறைபுஸ் 1999இல் சுவிற்சர்லாந்தின் சனாதிபதியாய் விளங்கினார் என்பதையும் ஈண்டுக் குறிப்போம்.

ஆகஸ்டு 17ஆம் நாள் மாகாணங்களின் பொலிஸ் பொறுப்பாளர் யாவரையும் மத்திய அரசாங்கம் ஒரு மாநாட்டுக்கு அழைத்தது. அந்நியர் பொலிஸ் பகுதியின் தலைவர் ஹைன்றிக் றொத்முண்ட், எல்லையை முற்றாக மூடவேண்டுமென்னும் கொள்கையுடையவர். அவையிலே குறூனிங்கர் எழுந்து, வந்தோரைத் திருப்பி அனுப்புதல் மனிதத் தன்மைக்கு ஒவ்வாதென்றும், பலரை ஏற்கத்தான் வேண்டுமென்றும் வெளிப்படையாகவே வாதித்தார். தடுத்தால் அவர்கள் மறைவாக வந்து நாடெங்கும் சிதறுவர். ஏற்றால் ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் அவர் காட்டிய நியாயங்களில் ஒன்று. இது பொலிஸ் மூளையில் உதித்த நியாயம். அதை அவர் பொலிசாருக்கு விளங்கும் முறையிலேயே சொன்னார். ஆயினும் அவை இசையவில்லை. விசா இல்லாதோர் எவரையும் இனி உள்ளே விடலாகாது. வந்தோரைத் திருப்பி அனுப்புக என்னும் கட்டளை அடுத்த இரு நாட்களுள் பிறந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரிலே, சுவிஸ் அதிகாரிகளும் ஜேர்மன் அதிகாரிகளும் பேசி முடித்தபடி, யூதருடைய கடவுச்சீட்டுக்களில் சிவப்பு நிறத்திலே ஜே என்னும் எழுத்து முத்திரையிடப்படலாயிற்று. எல்லையில் நிற்பவன் முகத்தைப் பார்க்க வேண்டுவதில்லை. எழுத்தைப் பார்த்தாற் போதும்.

இவ்விடத்திலேதான் எம் கதாநாயகரின் குற்றம் தொடங்குகின்றது. கட்டளை பிறப்பதற்கு முன் வந்து சேர்ந்தோர் முகாமில் இருக்கலாம். அதன் பின் வந்தோர் திரும்பிப் போகவேண்டும். ஆகவே ஒருவர் உயிரோடிருப்பதும் இல்லாதிருப்பதும் அவர் எல்லை கடந்த திகதியைப் பொறுத்தனவாயின. அத்திகதியோ ஒரு படிவத்திலே மையினால் எழுதப்படும் எண். செப்டெம்பரிலும் ஒக்ரோபரிலும் வந்தோர் ஆகஸ்டு முற்பகுதியில் வந்தோராகப் படிவங்களிற் பதியப்பட்டனர். நவம்பர் 9ஆம் நாள் இரவில் ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் யூத ஆலயங்களுக்குத் தீயிட்ட கொடுமையின் பின், உறைபனியிலே கால் விறைக்க ஆற்றைக் கடந்தோர் பலர், ஏட்டின்படி வேனில் வெயிலில் வந்தவராயினர். இதனைப் பொலிஸ் அதிபர் அறிந்தே செய்தார். தம் கீழுள்ளோரும் உதவிச் சபையாரும் செய்யவும் இடங்கொடுத்தார்.

அவ்வளவோடு அவர் நிற்கவில்லை. தலைநகருக்கு அனுப்பிய அறிக்கைகளில் அகதிகளின் தொகையைக் குறைத்துக் காட்டினார். மறைவாய் வந்தோரைத் தேடிப் பிடிக்கும் முயற்சி எழுந்தவிடத்து அதனைத் தாமதப்படுத்தினார். டாகௌ முகாமில் அடைபட்டிருந்தோர் சிலருக்கு, சென்ற் காலன் பொலிசார் முன் தோன்றும்படி அழைப்பு அனுப்பினார். வெளிநாடு போதற்கு இடமுண்டெனக் காட்டுவோரை அக்காலத்தில் அம்முகாமிலிருந்து விடுவதுண்டு. பொலிஸ் அழைப்பாணை ஒருவரைச் சிறையினின்றும் வெளியே கொணர்ந்ததாக யாம் வேறெங்கும் படித்ததில்லை. குளிருக்கு உடையில்லாது வந்தோருக்குத் தம் சொந்தப் பணத்தில் உடை வாங்கிக் கொடுத்ததும் உண்டு.

இவற்றை அவர் தனியே செய்திருத்தல் இயலாது. எல்லைக் கிராமத்தவர் சிலர் வழி காட்டினர். காவலர் சிலர், பிடித்தவரைத் திருப்பித் துரத்தாது அதிபரிடம் கொண்டுவந்தனர். உதவிச் சபையினர் இராப்பகலாய் உழைத்தனர். மாகாண அரசாங்கத்திற் பொலிஸ் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த வலன்ரீன் கீல் என்பவரும் தொடக்கத்தில் இக்காரியங்களுக்கு இசைவாகவே இருந்தார். பின்னர் மத்திய அரசாங்கத்தின் நெருக்குதல் வந்தபொழுது அவர் பின்வாங்கினார். மேலதிகாரியின் வாய்மொழி இசைவை நம்பிக் காரியமாற்றியவர், விசாரணை வந்தவிடத்துத் தனித்து நிற்க நேர்வது கந்தோர் வாழ்க்கை அறிந்தோருக்குப் புதிதன்று.

எல்லை மூடப்பட்ட பின்னும் சென்ற் காலனில் அகதிகளின் தொகை ஏறிக்கொண்டே போனமை தலைநகரிலிருந்தோர் கண்ணுக்குத் தப்பவில்லை. 1939ஆம் ஆண்டின் தொடக்கத்திலே விசாரணை ஆரம்பமாயிற்று. ஏப்பிரில் மாதம் 3ஆம் நாள் காலையில் குறூனிங்கர் வழக்கம்போலக் கந்தோருக்கு வந்தார். வாயிலில் நின்ற இளம் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் அவரைத் தடுத்து, இனி உள்ளே செல்லும் உரிமை அவருக்கு இல்லையென்று தெரிவித்தார். இருபது ஆண்டுச் சேவை அவ்வாறு வாயிற்படியிலே முடிந்தது. மே 12ஆம் நாள் முன்னறிவித்தலின்றி முற்றாக வேலை நீக்கம் செய்யப்பட்டார். உபகாரச் சம்பளமும் இல்லையாயிற்று.

வழக்கு நீண்டு, 1940இலே சென்ற் காலன் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடமை மீறியமையும், அரசாங்கப் பத்திரங்களைப் பொய்யாக்கியமையும் அவர் மீது நிரூபணமான குற்றங்கள். தண்டம் 300 பிராங்க். வழக்குச் செலவு வேறு. தம் நலங் கருதி அவர் எதையும் செய்யவில்லை என்பதை அந்நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. இருந்தும் அரசாங்க ஊழியர் கட்டளைக்கு அமைந்தே ஒழுகவேண்டுமென்பது அதன் முடிபு. நீதிமன்றம் அவ்வாறு கூறியிருக்க, ஊரில் வேறுவிதக் கதைகள் உலாவின. அகதிகளிடம் பணம் வாங்கினார் என்றனர் சிலர். பெண்கள் விடயத்திற் பழுதுண்டு என்றனர் வேறு சிலர். நாசிகளின் கையாள் என்றும் கூறினர். ஒன்றோடொன்று பொருந்தாத பழிகளை ஒருவர் மேலேயே சுமத்துதல் உலகத்து இயல்பு. இக்கதைகள் அவர் மேலெடுத்த அரசாங்க நடவடிக்கையிலும் நீண்டகாலம் நஞ்சாய் நின்றன.

இங்கே எம் வாசகர் சிலர் மனத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியைக் காட்டிக் கோப்புகளைத் திருத்தத் தொடங்கினால் ஆட்சி எவ்வாறு நடைபெறும்? இக்கேள்வி நியாயமானதே. கோப்பிலே பொய் எழுதுவோர் நூற்றுவரில் தொண்ணூற்றொன்பதின்மர் பணத்துக்காகவோ உறவினருக்காகவோ எழுதுவோர் என்பதை யாம் மறுக்கவில்லை. அத்தகையோரால் இந்நாடு பட்ட பாடும் மறக்கவில்லை. குறூனிங்கரின் காரியம் அதனின்றும் வேறுபட்டது எவ்வாறெனின், முதலாவது, அவர் தம் கருத்தை மறைக்கவில்லை. மாநாட்டிலே, மேலதிகாரிகளின் முகத்துக்கு நேரே, இது தகாதென்று சொன்ன பின்னரே மறைவான வழியிற் புகுந்தார். அன்றியும், ஊதியம் யாதும் பெற்றிலர். இழந்தது மட்டுமே உண்டு. இவற்றினும் பெரியது ஒன்றுளது. ஆற்றங்கரையில் நின்றோரைத் திருப்பி அனுப்பினால் அவர்கள் போய்ச் சேருமிடம் எது என்பது கட்டளை எழுதியோருக்கும் தெரியும். அதை நிறைவேற்றவேண்டிய பொலிசாருக்கும் தெரியும். கட்டளை எழுதினோர் மக்களை நேரிற் கண்டிலர். பொலிஸ் அதிபரோ, டீப்போல்ட்சவ் முகாமுக்குச் சென்று அவர்கள் முகத்தைக் கண்டவர். உயிரைக் காத்தல் பொலிசாரின் முதற் கடமை என்று எந்நாட்டுச் சட்டமும் கூறும்; அவ்வுயிர் எந்நாட்டுக் கடவுச்சீட்டுடையது என்று அவ்விடத்திற் கேட்பதில்லை. ஆற்றில் ஒருவன் அமிழும்பொழுது குதித்து மீட்கும் கொன்ஸ்தாபலுக்குப் பதக்கம் அளிக்கின்றோம். அதே ஆற்றைக் கடந்து வந்தவனை மீண்டும் அக்கரைக்குத் தள்ளாது காத்தவருக்குக் கிடைத்தது 300 பிராங்க் தண்டம்.

வேலையிழந்தபொழுது அவருக்கு வயது நாற்பத்தேழு. லோசான் நகரில் வர்த்தகக் கல்வி பயின்றுகொண்டிருந்த மூத்த மகள் படிப்பை இடையில் நிறுத்தி வீடு திரும்பவேண்டியதாயிற்று. குடும்பம் ஔ கிராமத்துக்கு, மனைவியின் பெற்றோர் வீட்டுக்குச் சென்று தங்கியது. பொலிஸ் அதிபராயிருந்தவர் மழையங்கி விற்றார், தரைவிரிப்பு விற்றார், கால்நடைத் தீவனக் கம்பனிக்கு ஆள் பிடித்தார், மோட்டார் ஓட்டப் பயிற்றினார். ஒன்றும் நிலைக்கவில்லை. வேலை கேட்டுச் சென்றவிடமெல்லாம் பழைய வழக்கு முன்னே சென்று நின்றது. பிற்காலத்தில், தாம் இளமையிற் கற்ற தொழிலுக்கே திரும்பி, விடுமுறையில் நின்ற ஆசிரியருக்குப் பதிலாகப் பள்ளிகளிற் படிப்பித்தார். அவருக்கு அதன்பின் நிலையான உத்தியோகம் எதுவும் கிடைத்ததில்லை.

அவருடைய குற்றத்தின் பயனை அளக்கவேண்டின், எல்லைக்கு அப்பால் எஞ்சியோருக்கு நேர்ந்ததை நோக்குதல் வேண்டும். 1941 ஒக்ரோபரில் ஜேர்மன் ஆட்சி யூதர் வெளியேறுவதையும் தடை செய்தது. அதுவரை போ போ என்று துரத்தியோர் இப்பொழுது போகவிடாது புகைவண்டிகளில் ஏற்றிக் கிழக்கே கொண்டு சென்றனர். ஒஸ்திரிய யூதருள் ஏறத்தாழ 65,000 பேர் கொல்லப்பட்டனர். சுவிற்சர்லாந்து போர்க்காலத்தில் பல்லாயிரவருக்குப் புகலிடம் அளித்ததென்பதும் உண்மையே. அதேவேளை எல்லைகளில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோரைத் திருப்பி அனுப்பிற்று என்பதை அந்நாட்டு அரசாங்கமே பின்னாளில் நியமித்த வரலாற்று ஆணைக்குழு எடுத்துக்காட்டியது. தன் பிழையைத் தானே விசாரித்து நூலாக வெளியிட்ட நாடு என்ற வகையில் அதனை யாம் மதிக்கின்றோம்.

இதனை எழுதும்பொழுது எம் மனம் வேறோரிடத்தும் செல்லாமலில்லை. 1983ஆம் ஆண்டின் பின் எம்மவர் ஆயிரக்கணக்கானோர் உயிர் தப்பி, எல்லைகள் பல கடந்து, சுவிற்சர்லாந்திற் புகலிடம் பெற்றனர். குறூனிங்கர் காவல் புரிந்த அதே றைன் பள்ளத்தாக்கிலே, புகைவண்டி ஒஸ்திரியாவினின்றும் உட்புகும் சென்ற் மார்கிறேத்தன் என்னும் எல்லையூரில் எம்மவர் கட்டிய முருகன் ஆலயம் ஒன்று இன்று உளது. படிவத்தில் இடும் திகதியும், கேள்வி கேட்கும் உத்தியோகத்தரின் முகக்குறிப்பும் ஒரு குடும்பத்தின் கதியை எவ்வாறு திருப்பக்கூடும் என்பதை எம் வாசகர் பலர் நூலிற் படித்து அறியவேண்டியவரல்லர்.

மீண்டும் சரிதத்துக்கு வருவோம். 1954ஆம் ஆண்டில் குறூனிங்கர் தம் செயலைப் பற்றி எழுதியபொழுது, பல நூறு பேரைக் காத்தமை குறித்துத் தாம் பெருமையே கொள்வதாகவும், பெருந்தொகையான மக்களின் கதியோடு ஒப்பிடுமிடத்துத் தம் சொந்த வாழ்வின் நலம் பொருட்டன்று என்றும் தெரிவித்தார். தம்மை நீக்கியோர் மேல் வசை பாடவில்லை. 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அவர் பெயர் மீண்டும் பத்திரிகைகளில் எழலாயிற்று. 1970 டிசம்பரிலே மாகாண அரசாங்கம் அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பியது. கடிதம் மாத்திரமே; தீர்ப்பு நீங்கவில்லை, உபகாரச் சம்பளமும் வரவில்லை. எண்பது வயதை அணுகிய ஒருவருக்கு மாகாணம் செலுத்திய கடன் தபால் முத்திரை விலையோடு முடிந்தது என்றே சொல்லவேண்டும். 1971இல் இஸ்ரவேலின் யாட் வஷேம் நிறுவனம், யூதரைக் காத்த பிற இனத்து நீதிமான்களுள் ஒருவராக அவரைக் கௌரவித்தது. 1972ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் அவர் சென்ற் காலனிலே காலமானார். இறக்கும்பொழுதும் சட்டத்தின்படி அவர் குற்றவாளியே.

அதன்பின் அவருக்கு நீதி வேண்டிப் பலமுறை விண்ணப்பங்கள் செய்யப்பட்டன, பலமுறை மறுக்கப்பட்டன. ஸ்தெபான் கெல்லர் என்னும் பத்திரிகையாளர் பழைய கோப்புகளைத் தேடி எடுத்து, உயிரோடிருந்த அகதிகளைக் கண்டு, எழுதிய நூல் 1993இல் வெளிவந்தது. பத்திரங்கள் அழிக்கப்படாது பேணப்பட்டமையே ஈண்டு உதவிற்று. குறூனிங்கரைக் குற்றவாளியாக்கிய அதே கோப்புகள் அவரை மீட்கவும் சாட்சியாயின. பணம் வாங்கியதற்கோ நாசிகளோடு கூடியதற்கோ அவற்றுள் ஆதாரம் யாதும் இல்லை. அவ்வாண்டு நவம்பரிலே மாகாண அரசாங்கம் அவருடைய மதிப்பை மீட்டளித்தது. அடுத்து, 1995 நவம்பரில் அதே மாவட்ட நீதிமன்றம், அதே சென்ற் காலனில், வழக்கை மறுபடி எடுத்து விசாரித்து, பிறர் உயிரைக் காக்கும் அவசியத்தின் பொருட்டு அவர் செய்தவை சட்டத்தாலும் நியாயமானவை எனக் கண்டு விடுதலை செய்தது. விசாரணையைக் காண முன்னாள் அகதிகளும் வந்திருந்தனர். முகாமுக்கு வந்த நாளில் இளைஞராயிருந்தோர் இப்பொழுது நரைத்த தலையினர். அகதிகளுக்கு உதவியதற்காக அக்காலத்தில் தண்டிக்கப்பட்ட மற்றையோரின் தீர்ப்புகளையும் நீக்குதற்கு 2004 சனவரியில் ஒரு சட்டம் அமுலுக்கு வந்தது. ஒருவருடைய வழக்கு, பெயர் அறியப்படாத பலருக்கும் வழி திறந்தது.

அவர் காத்தோர் எத்தனை பேர்? யாட் வஷேம் 3,600 என்று கூறும். ஆராய்ச்சியாளர் சிலர் அத்தொகை மிகையென்றும், சில நூறு முதல் ஆயிரம் வரை இருக்கலாமென்றும் கருதுவர். அவரே பல நூறு என்றுதான் எழுதினார். கணக்கைத் தெளிவாய் எழுதி வைத்திருந்தால் காரியம் நடந்திராது. ஆதலால் எண் மயங்குதல் இயல்பே. பெரிய எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டிய அவசியமும் எமக்குத் தோன்றவில்லை.

1998இல் மாகாண சட்டசபை, அவர் இழந்த சம்பளத்துக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் ஈடாக அவருடைய சந்ததியாருக்குப் பத்து இலட்சம் பிராங்குக்கு மேற்பட்ட தொகையை வழங்கிற்று. அவர்கள் அதிலிருந்து ஒரு பிராங்கும் தமக்கென எடுக்கவில்லை. அவர் பெயரால் ஒரு தர்ம நிதியம் நிறுவி, மனித உரிமைக்காக உழைப்போருக்கு உதவி வருகின்றனர். புறூல் கழகத்தின் விளையாட்டரங்கு இன்று, ஒரு காலத்தில் அங்கு பந்துதைத்த அவருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றது. டீப்போல்ட்சவ் கிராமத்தையும் ஹோகெனெம்ஸ் ஊரையும் இணைத்துப் பழைய றைன் மேற் செல்லும் பாலத்துக்கும் 2012ஆம் ஆண்டில் அவர் பெயரைச் சூட்டினர். வேனிற் காலத்தில் இரு கரையிலுள்ளோரும் அப்பழைய ஆற்றில் நீராட வருகின்றனர்.